திட்டவாவது வாருங்கள்

வீடியோ அரை நிமிடம்கூட ஓடவில்லை. பனிச் சரிவில் நாலைந்து பேர் மண்டியிட்டுக் கையால் தோண்டுகிறார்கள். ஆரஞ்சு நிறச் சட்டைக் கை ஒன்று வெளியே வருகிறது. யாரோ தோளைப் பிடித்து இழுக்கிறார்கள். "உயிர் இருக்கு, உயிர் இருக்கு" என்று ஒரு குரல் உடைகிறது. கேமரா ஆடி, வானத்தைக் காட்டி, நின்றுவிடுகிறது. முகம் எங்கும் தெரியவில்லை.

நாரின் என்ற மலை ஊரின் சந்தையில் தன் கடைக்குள் நின்றபடி ஜிபார் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கடை என்பது ஒரு பழைய இரும்புச் சரக்குப் பெட்டிதான். முன்பக்கத்தை அறுத்துக் கண்ணாடி வைத்து, உள்ளே செல்போன் உறைகளும் சார்ஜர்களும் தொங்கவிட்டிருந்தாள். ஆனால் ஊர் அவளை அறிந்தது அந்த உறைகளால் அல்ல. ஊர்ச் செய்திகளைப் போடும் இணையப் பக்கம் ஒன்றை அவள் நடத்தினாள். ஊரில் இருக்கும் ஆட்களைவிட அதைப் பின்தொடர்பவர்கள் அதிகம், ஏனென்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் ரஷ்யாவில் இருக்கிறார்கள்.

முந்தின நாள் பிற்பகல் கிஸில்-பெல் கணவாயில் பனி சரிந்திருந்தது. நிலக்கரி லாரி ஓட்டும் மெதெர், கணவாய்க்கும் நாரினுக்கும் இடையே சாரி-புலாக் கிராமத்திலிருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன், வீடு வந்து சேரவில்லை. காணாமல் போனது அவன் ஒருவன்தான். சரிவின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் தோண்டினார்கள். அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. மலையில் ஒரே ஒரு வளைவில்தான் போன் எடுக்கும்.

வீடியோ அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. 'யார் இது' என்று ஜிபார் அனுப்பியவனைக் கேட்டிருந்தாள். பதில் வரவில்லை.

அடுத்த பெட்டியில் செருப்புத் தைக்கும் ஒமுர்சாக் வாயில் ஆணியைக் கவ்வியபடி எட்டிப் பார்த்தார்.

"யாருன்னு கேட்டியா?"

"கேட்டேன். பதில் இல்ல."

"அப்ப வச்சிரு."

"பஸ் ஸ்டாண்டுல பேஜ் நடத்தறான்ல, அவன்கிட்டயும் இது போயிருக்கும் அண்ணே. இந்நேரம் போட்டுக்கிட்டு இருப்பான்."

"போடட்டுமே. அவனுக்கு மீசையே இன்னும் முளைக்கல."

ஜிபார் போட்டுவிட்டாள். பெயர் எதுவும் எழுதவில்லை. அந்த அளவுக்கு நிதானம் இருந்தது. வீடியோவுக்கு மேலே ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுதினாள்: சுயுன்சு.

நல்ல செய்தி கொண்டுபோகிறவர் வாசலில் நின்று கத்தும் சொல் அது. கேட்ட வீட்டார் கையில் கிடைத்ததை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். சால்வையோ, ஆட்டுக்குட்டியோ, தலையில் இருக்கும் தொப்பியோ. முதலில் வந்தவருக்குத்தான் பரிசு. இரண்டாவதாக வருகிறவருக்குத் தேநீர் மட்டும்.

அந்தச் சொல்லின் வேகம் அவளுக்குத் தெரியும். அது செல்போனோடு வந்த அறிவு அல்ல. சந்தையின் நடுவே முன்பு ஒரு மரக்கூண்டு இருந்தது. அதில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வதுதான் அவளுடைய முதல் வேலை. காணாமல் போன குழந்தை, வழியை அடைத்து நிற்கும் வண்டி, மாவு மலிவாகக் கிடைக்கும் வரிசை என்று நாள் முழுவதும் பேசுவாள். கூண்டின் ஜன்னலிலிருந்து சந்தை முழுவதும் தெரியும். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு எத்தனை தலை நிமிர்கிறது என்று பார்ப்பாள். 'வெள்ளை வண்டியின் உரிமையாளர் வரவும்' என்றால் ஒரு தலையும் நிமிராது, உரிமையாளரின் தலை உட்பட. 'வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெண் அழுகிறாள்' என்று ஒருநாள் மாற்றிச் சொன்னாள். வெள்ளை வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். 'இறைச்சி வரிசையில் யாரோ தங்கத் தோடு தவறவிட்டிருக்கிறார்கள்' என்றால் சந்தையிலிருக்கும் பெண்களின் கையெல்லாம் ஒரே நேரத்தில் காதுக்குப் போகும். தோடே போடாதவர்களின் கையும் போகும்.

பிறகு சந்தை நிர்வாகம் பதிவு செய்த குரலை வாங்கி மாட்டியது. ஜிபார் கூண்டை விட்டு இறங்கி, பெட்டிக் கடை வைத்து, பக்கத்தைத் தொடங்கினாள். கேள்வி மட்டும் அதேதான்: எதைச் சொன்னால் தலை நிமிரும்?

ஒரு வீடு எரிந்துபோன செய்தியைப் போட்டபோது எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பிறருக்கு அனுப்பவில்லை. மறுநாள் அதே படத்துக்கு மேலே 'எரியும் வீட்டைக் கடந்து நிற்காமல் போனவர்கள் யார்' என்று எழுதினாள். மாலைக்குள் அது மாஸ்கோ வரை போய்த் திரும்பியது.

"சோகம் ஆளை உக்கார வச்சிரும் அண்ணே," என்று ஒமுர்சாக்கிடம் விளக்கினாள். "கோவமும் பயமும் ஆச்சரியமும்தான் ஆளை எழுப்பும். எழுந்து நிக்கறவன்தான அடுத்தவன்கிட்டப் போவான்?"

"ஊசி குத்தி எழுப்பறேன்னு சொல்லு."

"குத்தினாலும் எனக்காக எவனும் அனுப்பறதில்ல. 'நான்தான் உனக்கு முதல்ல சொன்னேன்'னு சொல்லிக்கறதுக்குத்தான் அனுப்பறான்."

அதைக் கண்டுபிடித்த பிறகுதான் நல்ல செய்திகளுக்கு மேலே சுயுன்சு என்று எழுத ஆரம்பித்தாள். தொலைந்த குதிரை கிடைத்தால் சுயுன்சு. கல்லூரியில் இடம் கிடைத்தால் சுயுன்சு. பார்த்தவர்கள் சம்பந்தப்பட்ட வீட்டுக்கு ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் போனில் ஓடினார்கள். ஒரு தடவையும் அது பிசகியதில்லை. அந்தச் செய்திகளில் எல்லாம் பெயர் இருந்தது.

இந்தத் தடவை பெயர் இல்லை. ஆனால் சுயுன்சுவைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் சும்மா நிற்க முடியாது. கொண்டுபோய்ச் சொல்ல ஒரு வாசல் வேண்டும். கணவாயில் காணாமல் போனவன் ஒருவன். அவன் வீட்டு வாசல் ஊருக்கே தெரியும். ஜிபார் ஒரு கிண்ணம் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வீடியோ அவள் பக்கத்தை விட்டுக் கிளம்பி நூறு குழுக்களில் ஓடியது. ஒவ்வொன்றிலும் மேலே பெயர் சேர்ந்திருந்தது. மெதெர் கிடைத்துவிட்டான். மெதெர் உயிரோடு இருக்கிறான்.

அடுத்த செய்தி போட வேண்டுமே என்று அவள் கணவாயின் அந்தப் பக்கத்து மருத்துவமனைக்குப் போன் செய்தாள். தெரிந்த நர்ஸ்தான் எடுத்தாள்.

"மெதெர் எப்படி இருக்கான்?"

"எந்த மெதெர்?"

"கணவாயிலிருந்து வந்தவன்."

"வந்தது ஒரே ஆளுதான் அக்கா. தோண்டப் போனவரு. காலைல சின்னதா இன்னொரு சரிவு வந்து அவரை மூடிருச்சாம், உடனே இழுத்துட்டாங்களாம். தோள்பட்டை முறிஞ்சிருக்கு. பேரு வேற. லாரி டிரைவர் யாரும் வரலையே."

ஜிபார் போனை வைத்தாள். பதிவை அழித்தாள். 'காலையில் வெளிவந்த வீடியோவில் இருப்பவர் மெதெர் அல்ல, தவறுக்கு வருந்துகிறோம்' என்று எழுதிப் போட்டாள். போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிலர் பார்த்தார்கள். ஒருவரும் அனுப்பவில்லை. இந்தச் செய்தியைக் கொண்டுபோனால் யார் சால்வை தருவார்கள்? அழித்த வீடியோவோ மற்றவர்களின் போன்களிலிருந்து ஓடிக்கொண்டேயிருந்தது.

மெதெரின் மனைவி அனார்கானிடம் யாராவது நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அனார்கானின் பக்கத்து வீட்டு சைராகான் எப்போதும் எதிலும் முதல் ஆளாக நிற்பவள். ஜிபார் அவளை அழைத்தாள்.

"அக்கா, அனார்கானுக்கு நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான். எனக்கு முன்னாடி எவளும் வரல." குரலில் பெருமை வழிந்தது. "தோள்ல கிடந்த சால்வையை அப்படியே எடுத்து எனக்குப் போட்டுட்டா. ஆடு அறுத்து அண்டா ஏத்தியாச்சு. நீயும் வந்துரு, உன்னாலதான இவ்வளவும்."

"அக்கா, அது மெதெர் இல்ல."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"போய் அவகிட்டச் சொல்லுங்க அக்கா."

"நானா? சால்வையைத் தோள்ல போட்டுக்கிட்டு அந்த வாசலை எப்படி மிதிக்கறது? கெட்ட சேதின்னா பெரியவங்க நாலு பேர் சேர்ந்து போய், சுத்தி வளைச்சு, மெதுவாச் சொல்றதுதான் முறை."

"அப்ப அவங்ககிட்டச் சொல்லுங்க."

"அவங்க அவ வீட்லதான் சாப்பிட உக்காந்திருக்காங்க. தோண்டப் போனவங்க எல்லாம் வந்துட்டாங்க, முற்றத்துல உக்கார இடமில்ல."

ஜிபாருக்கு அப்போதுதான் உறைத்தது. "எல்லாரும் வந்துட்டாங்களா?"

"பின்ன? ஆள் கிடைச்சாச்சே. நீ போட்டது, நீயே சொல்லிக்க." சைராகான் போனை வைத்தாள். மறுபடி அழைத்தபோது அணைந்திருந்தது.

சந்தைச் சாலையில் டிராக்டர் ஹாரன் கேட்டது. கணவாயிலிருந்து ஊருக்குள் வரும் வழி அதுதான். அதை ரிஸ்பெக் ஓட்டி வந்தான். நாரின் பக்கத்துத் தொண்டர்களை ஒன்றுசேர்த்து மேலே கூட்டிப்போனவன் அவன். பின்னால் இணைத்த தட்டு வண்டியில் நீளமான கம்பளக் கூடாரக் கழிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பனிக்குள் குத்திப் பார்ப்பதற்காக வீட்டு வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போனவை. ஜிபார் சாலை நடுவே போய் நின்றாள்.

"என்ன அக்கா, டிராக்டருக்குக் குறுக்க விழுந்து சுயுன்சு கேக்கறீங்களா?" ரிஸ்பெக் சிரித்தான். மீசையில் பனி இன்னும் உருகவில்லை.

"மெதெர் கிடைக்கல."

"அந்தப் பக்கம் எடுத்துட்டாங்களே. போன் எடுக்கற வளைவுக்குப் போய் வந்தவங்க எல்லார் போன்லயும் அதேதான்."

"அது வேற ஆளு. ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். மேல இப்ப யாரு இருக்கா?"

சிரிப்பு நின்றது. "சாலைத்துறை புல்டோசர் ஒண்ணு. மீட்புக்காரங்க கொஞ்சம் பேர். 'எங்களுக்குத் தகவல் வரல, போகாதீங்க'ன்னு அவங்க சொன்னாங்க. நாங்கதான் போனைக் காட்டி, உங்களைவிட இதுக்குச் சீக்கிரம் தெரியும்னு சொல்லிட்டு இறங்கினோம்."

"லாரிக்குள்ள இருந்தா உயிர் இருக்குமா?"

"கேபின் நசுங்கலன்னா காத்து இருக்கும். குளிரை எவ்வளவு நேரம் தாங்குவான்னு தெரியல." அவன் வெளிச்சத்தைப் பார்த்தான். சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தது. "வரிசையா நின்னு கழி குத்தணும் அக்கா. நூறு நூத்தம்பது பேர் நின்னா இருட்டறதுக்குள்ள சரிவு முழுக்கக் குத்திரலாம். இப்ப என்கூட இருக்கறது எட்டுப் பேரு. மத்தவன் எல்லாம் ஒவ்வொரு ஊரா இறங்கிப் போயிட்டான்."

"போன் பண்ணு."

"பண்றேன். எத்தனை பேருக்குப் பண்ண முடியும்?"

அவன் வண்டியைத் திருப்ப ஆரம்பித்தான். ஒமுர்சாக் கையில் செருப்போடு பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். செருப்பைத் தரையில் எறிந்தார்.

"வச்சிருன்னு சொன்னேனா இல்லையா?"

ஜிபார் குனிந்து செருப்பை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஒரு ஆளு மண்ணோட மண்ணா… அவன் வீட்ல கறி வேகுது. உனக்கு நெஞ்சுல என்ன இருக்கு, ஜிபார்? கல்லா?"

அவர் சத்தம் போட்டதும் ரொட்டிக்காரி வந்தாள். என்ன என்று கேட்டு, தெரிந்துகொண்டு, திரும்பிப் பின்வரிசையைக் கூப்பிட்டாள். அவர்கள் இன்னும் பின்னால் இருப்பவர்களைக் கூப்பிட்டார்கள். இறைச்சி வரிசையிலிருந்து ஒரு பெரிய உருவக்காரி கத்தியை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தபடியே வந்து, "இவதானா அது?" என்றாள். எந்த போனும் தேவைப்படவில்லை. வரிசைக்கு வரிசை தலைகள் நிமிர்ந்தன, ஆட்கள் கடையை விட்டு இறங்கி வந்தார்கள், வரும்போதே அடுத்தவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

ஜிபார் அந்தத் தலைகளைப் பார்த்தாள். பிறகு போனை ஒமுர்சாக்கின் கையில் திணித்தாள்.

"என்னை எடுங்க அண்ணே."

"என்னத்தை எடுக்க?"

"வீடியோ. அந்த முக்காலியைக் குடுங்க. உங்க தேநீரையும் அந்தப் பொரிச்ச ரொட்டித் தட்டையும் இங்க வைங்க."

"இப்ப உனக்குத் தின்னணுமா?"

"தின்னாத்தான்."

முதல் தடவை பாதியிலேயே அவள் கண் கலங்கியது. நிறுத்தச் சொன்னாள். "இது ஆகாது. அழுதா, பாவம்னு ஒரு பெருமூச்சு விட்டுட்டு போனை வச்சிருவாங்க. மறுபடி எடுங்க." பனியை அள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் அவளைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. அதுவும் பதிவாகட்டும் என்றாள்.

இரண்டாவது தடவை முகத்தில் எதுவும் இல்லை. ஒரு துண்டு ரொட்டியைக் கடித்து, மென்றபடி பேசினாள்.

"நான் ஜிபார். காலைல சுயுன்சு போட்டது நான்தான். அது மெதெர் இல்ல. மெதெர் இன்னும் பனிக்கு அடியில இருக்கான், நம்ம பக்கத்துல தோண்ட ஆள் பத்தல. நான் பேரு போடல. பேரு போட்டது நீங்க. சால்வைக்கு ஓடினது நீங்க. கழியைப் போட்டுட்டு அவன் வீட்லயே உக்காந்து கறி திங்கறதும் நீங்க. எனக்கு இதுல ஒரு வருத்தமும் இல்ல." இன்னொரு துண்டைக் கடித்தாள். தேநீரைக் குடித்தாள். "என் மேல கோவம் வருதா? கிஸில்-பெல்லுக்கு வாங்க. நான் அங்கதான் இருப்பேன். போன்ல திட்டாதீங்க, நேர்ல வந்து திட்டுங்க. வரும்போது கழியும் மண்வெட்டியும் எடுத்துட்டு வாங்க. வெறுங்கையோட வந்தா நான் பதில் பேச மாட்டேன்."

அவள் சொன்னதில் பொய் ஒரே ஒரு வாக்கியம். கூட்டம் கொதித்தது அந்த வாக்கியத்துக்குத்தான்.

ஒமுர்சாக் போனைத் திருப்பிக் கொடுத்தார். "இதைப் போட்டா நீ இந்த ஊர்ல இருக்க முடியாது."

"தெரியும்."

"என் பேரை எங்கயும் சொல்லிராதே."

போட்டுவிட்டு ரிஸ்பெக்கின் டிராக்டரில் ஏறினாள். மேலே சுயுன்சு எழுதவில்லை, எதுவுமே எழுதவில்லை. தேவைப்படவில்லை. வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் போன் கையில் சுட்டது. 'இவளைப் பாருங்கள்.' 'ரொட்டி தின்கிறாள் பாருங்கள்.' 'இவள் அப்பன் யார், எந்த ஊர்?' மாஸ்கோவில் கட்டட வேலை செய்கிறவன் ஊரிலிருக்கும் தம்பிக்கு அனுப்பி, 'நீ போய் அவளை அறைந்துவிட்டு எனக்குச் சொல்' என்று எழுதியிருந்தான். ஒவ்வொருவரும் அவளைக் காறித் துப்பிக்கொண்டே, மெதெர் பனிக்கு அடியில் இருக்கிறான் என்ற செய்தியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அனார்கான் வீட்டு முற்றத்தில் நடந்ததைப் பிறகு பலரும் சொன்னார்கள். நீளத் துணி விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கறித் தட்டு வந்துவிட்டது. யாருடைய பையிலோ ஒரு போன் அதிர்ந்தது. அடுத்து இன்னொன்று. பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் தட்டுக்குக் கை நீட்டவில்லை. அனார்கான் அடுப்படியிலிருந்து வந்து, "ஏன் ஆறவிடறீங்க, சாப்பிடுங்க" என்றாள். பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமி, மலை, வானிலை, மனிதனின் ஆயுள் என்று எங்கோ தொலைவிலிருந்து ஆரம்பித்தார். அனார்கான் அவர் வாயைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்தவனின் கையிலிருந்த போனைப் பிடுங்கி, கடைசிவரை பார்த்தாள். பார்த்துவிட்டு, கூடாரம் பிரித்து வைத்திருந்த கொட்டகைக்குப் போய்க் கழிகளை இழுத்து வெளியே போட ஆரம்பித்தாள்.

கணவாயில் ஜிபாரும் அந்த எட்டுப் பேரும் குத்திக்கொண்டிருந்தபோது முதல் வண்டி வந்தது. இறங்கியவன் நேரே அவளிடம் வந்து காலடியில் துப்பினான். இறைச்சி வரிசைக்காரி வந்தாள், ரொட்டிக்காரி வந்தாள். குதிரையில் வந்தார்கள், டாக்ஸியில் நெருக்கியடித்து வந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் சொல்வதற்கு ஒன்று இருந்தது. ரிஸ்பெக் ஆளுக்கொரு கழியைக் கொடுத்து வரிசையில் நிறுத்தினான்.

"திட்டறவங்க திட்டிக்கிட்டே குத்துங்க. தோளோட தோள் நில்லுங்க. நான் சொன்னதும் குத்து, சொன்னதும் எடு, ஒரு அடி முன்னால."

வரிசை சரிவின் குறுக்கே நீண்டது. குத்து. எடு. ஒரு அடி. ஜிபாரின் இரண்டு பக்கத்திலும் நின்றவர்கள் அவளைப் பார்க்காமல் அவளைப் பற்றிப் பேசினார்கள். அவள் குத்திக்கொண்டே இருந்தாள். கையுறை கிழிந்திருந்தது.

அனார்கான் வந்தபோது பேச்சு அடங்கியது. அவள் தோளில் சால்வை இல்லை. வரிசையின் ஓரமாகவே நடந்து வந்து ஜிபாரின் முன் நின்றாள்.

"தின்னுக்கிட்டுப் பேசினியே, அதே வாயால ஒண்ணு சொல்லு. அவர் உள்ள உயிரோட இருக்காரா?"

பக்கத்திலிருந்தவர்கள் கழியை நிறுத்தினார்கள்.

"தெரியாது," என்றாள் ஜிபார்.

"காலைல தெரிஞ்சுதா?"

"தெரியாது."

அனார்கான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையப் போகிறாள் என்று இறைச்சிக்காரி ஆவலாகக் கழுத்தை நீட்டினாள். அனார்கான் ஜிபாரை இடித்துக்கொண்டு வரிசைக்குள் புகுந்து, தன் கழியை ஊன்றினாள். "நகரு. இடம் விடு."

ரிஸ்பெக் குரல் கொடுத்தான். குத்து. எடு. ஒரு அடி.

மலையின் நிழல் சரிவில் பாதியை மூடியபோது, வரிசையின் கீழ்க்கோடியில் ஒருவனின் கழி இறங்க மறுத்தது. ஜிபாரை அறைந்துவிட்டு அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று வந்த தம்பி அவன். கழியைத் தூக்கி மறுபடி குத்தினான். கல்லில் மோதும் சத்தம் அல்ல, தகரம் அதிரும் சத்தம்.

"எல்லாரும் வாயை மூடு," என்றான் ரிஸ்பெக். புல்டோசரும் நின்றது. அத்தனை பேர் மூச்சு விடும் ஆவி மட்டும் மேலே போனது. ரிஸ்பெக் கழியால் மூன்று முறை தட்டினான். காதைக் கழியோடு ஒட்டினான். மறுபடி தட்டினான்.

அவன் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள். அதில் எதுவும் தெரியவில்லை. நாலைந்து பேரின் கை தன்னாலேயே பைக்குப் போய்விட்டது.

"எவனாவது போனை எடுத்தா மண்டையை உடைப்பேன்," என்றான் காதை எடுக்காமலேயே. "தோண்டு."

தோண்டினார்கள். மண்வெட்டி இல்லாதவர்கள் தட்டுகளாலும் கையாலும் அள்ளினார்கள். கேபினின் கூரை தெரிந்தது, பிறகு பனி அடைத்த கண்ணாடி. மீட்புக்காரர் ஒருவர் கண்ணாடியை உடைத்து உள்ளே தலையை விட்டார். வெகுநேரம் அவர் தலை வெளியே வரவில்லை. அனார்கான் அவர் காலைப் பிடித்து இழுத்து ஒதுக்கிவிட்டுத் தானே குனிந்தாள்.

"மெதெர்," என்றாள். "மெதெர், பூட்ஸைக் கழட்டியா வச்சிருக்கே? யாரு கழட்டச் சொன்னா?"

உள்ளிருந்து ஏதோ முனகல் வந்தது. அதற்கு அவள் இன்னும் உரக்கத் திட்டினாள். அவன் உயிரோடிருப்பது எங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஜிபார் அந்த இடத்திலேயே பனியில் உட்கார்ந்தாள். இறைச்சிக்காரி அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, "இப்ப அழு. அப்ப தின்னே, இப்ப அழு" என்றாள். சொல்லிவிட்டுத் தன் கையுறையைக் கழற்றி அவள் மடியில் போட்டாள்.

மெதெருக்கு இடது காலில் மூன்று விரல்கள் போயின. மருத்துவமனையிலிருந்து வந்து சில வாரங்கள் கழித்து, ஊன்றுகோலோடு சந்தைக்கு வந்தான். ஜிபாரின் கடைக் கண்ணாடியில் ஒரு பெரிய விரிசல் இருந்தது. யாரோ கல்லெறிந்தது. உள்ளூர்க்காரர்கள் வாங்க வந்தார்கள். வெளியூர்ப் பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் உறையைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்கள்.

"அக்கா, அந்த ரொட்டி வீடியோவை எடுத்துருங்க," என்றான் மெதெர்.

"அன்னைக்கே எடுத்துட்டேன். மத்தவங்ககிட்ட இருக்கறதை நான் என்ன பண்ண?"

"என்கூடப் படிச்சவனெல்லாம் அதைப் பார்த்துட்டு நான் செத்துட்டேன்னு நினைக்கறான். ரஷ்யாவுல, கசான்ல ஒருத்தன் ஆள் கூட்டி, செத்தவனுக்கு ஓதறதை எனக்காக ஓதியே முடிச்சுட்டானாம்."

"நீ உயிரோட இருக்கேன்னும் போட்டேனே."

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

அவள் காட்டினாள். மெதெர் திரையை அருகில் இழுத்துப் பார்த்தான்.

"இவ்வளவுதானா? ராத்திரி முழுக்க லாரிக்குள்ள கிடந்தேனே."

பெட்டிக்கு வெளியிலிருந்து ஒமுர்சாக் சொன்னார்: "நீ யாரையாவது திட்டியிருக்கணும் தம்பி. சும்மா உயிரோட இருந்தா யாரு பார்ப்பா?"

"அந்தக் கசான்காரன் நம்பர் இருக்கா?" என்று ஜிபார் கேட்டாள். தன் போனிலிருந்தே அழைத்து, ஒலியைப் பெருக்கி மேசைமேல் வைத்தாள்.

"யாரு?" என்றது குரல்.

"நான்தாண்டா, மெதெர்."

"யாரு போன் இது? படத்துல அந்த ரொட்டி தின்ன பொம்பளைதான இருக்கா? செத்தவன் பேரைச் சொல்லி விளையாடாதீங்க. வைங்க."

"டேய், நான்தான்."

"வைக்கறேன்."

"என் சேணத்தை எடுத்துட்டுப் போனவன் திருப்பித் தரவே இல்லையேடா. வாரும் அறுந்திருக்கும், நீ தச்சிருக்க மாட்டே."

மறுமுனையில் யாரிடமோ திரும்பி, "இங்க வாங்க, எல்லாரும் வாங்க" என்று அவன் கத்துவது கேட்டது.